கதவைச் சாத்தும் ஞாயிறு

பனவிளைச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். பிள்ளைகளும், ஞானஸ்நானத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களும், சபைக் கமிட்டி ஏதோ தப்புக்காகத் தள்ளி வைத்திருப்பவர்களும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அப்பமும் திராட்சரசமும் முழு அங்கத்தினருக்கு மட்டும். பிறகு கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்குட்டி ஜேசுதாஸ் தெற்கு வாசல், வடக்கு வாசல், தலைவாசல் என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருவார். ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டால், நாய் நுழையும் என்பார் ஒருவர். வெளியே நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்பார் இன்னொருவர். கோயிலைக் கட்டின துரை அடைக்கச் சொன்னார், அவ்வளவுதான் என்பார் ஜேசுதாஸ்.

முப்பத்திரண்டாம் வருஷத்துச் செப்டம்பர் மாதம், தலைவாசல் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் சத்தியநேசன் வாத்தியாரின் நெஞ்சுக்குள் யாரோ உரலை வைத்து இடிக்கத் தொடங்கினார்கள்.

கை குளிர்ந்தது. உதடு மரத்தது. மூச்சு தொண்டைவரை வந்து, உள்ளே இடமில்லை என்பதுபோலத் திரும்பிப் போனது. முன்னால் இருந்த தலைகள் எல்லாம் தூரமாக விலகின. கூரை மட்டும் கிட்டே இறங்கி வந்தது. இதோ சாகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சாவதைக்கூட ஒருவிதமாகச் சகித்துக்கொள்ளலாம். மூன்றாம் பெஞ்சில், ஊர் பார்க்க, வாயைப் பிளந்துகொண்டு சாவதைத்தான் சகிக்க முடியவில்லை.

எழுந்தார். பெஞ்சு ஊருக்கே கேட்கும்படி முனகியது.

"வாத்தியாரே, அடச்சாச்சு," என்றார் ஜேசுதாஸ் மெல்ல.

"தொறயும்."

"பாதியிலயா?"

"தொறயும் ஓய்!"

போன மாதமும் இதே நேரத்தில் இப்படித்தான் எழுந்து போனார். அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். வயிற்றைச் சபை ஒரு தடவை மன்னிக்கும். இரண்டாம் தடவை யாரும் அவர் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். தகுதியில்லாதவன் இந்த அப்பத்தைத் தொட்டால் தன் தலையில் தானே தீர்ப்பை இறக்கிக்கொள்கிறான் என்று போதகர் அப்போதுதான் எச்சரித்து முடித்திருந்தார். அதைக் கேட்டதும் ஒருவன் எழுந்து ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? சத்தியநேசனே பெஞ்சில் இருந்து இன்னொருவன் ஓடுவதைப் பார்த்திருந்தால் அதைத்தான் நினைத்திருப்பார். அதையும் கொஞ்சம் ருசித்து நினைத்திருப்பார்.

கோயிலுக்குப் பின்னால் வேலியைத் தாண்டினால் பூங்கனி என்ற விதவையின் முற்றம். அங்கே ஒரு பிலாமரம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பூங்கனி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். உரல் இடிப்பது மெல்ல நின்றது. செத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதி அல்ல, வெட்கம்.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி தங்கபாய் வயல் வரப்பு முடிகிறவரை பேசவில்லை. அவள் பேசாமல் நடந்தால் அது கணக்கு வாத்தியார் பிரம்பைத் தேடுகிற நேரம் மாதிரி.

"எங்க போனிய?"

"காத்து வாங்க."

"கோயிலுக்கு முன்னால காத்து இல்லியா? பொறத்தாலதான் அடிக்குதா?"

"ஏட்டி, உள்ளே புழுக்கமா இருந்து."

"நானும் அந்தக் கோயிலுக்குள்ளதான் இருந்தேன்." அவள் அவர் சட்டைத் தோளை மோந்து பார்த்தாள். "கருப்பட்டிப் பொக மணக்குது."

பனவிளையில் கோயிலை அடுத்துக் கருப்பட்டி காய்ச்சுகிறவள் ஒரே ஒருத்தி. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டி மூப்பர் ராஜையன் ஜெபம் பண்ண வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ராஜையன் விசாரிக்க வரமாட்டார்; ஜெபம் பண்ணத்தான் வருவார். விசாரணை ஜெபத்துக்குள்ளேயே நடந்துவிடும்.

"கர்த்தாவே, இந்த வீட்டில் மறைந்திருக்கிறது எதுவாயிருந்தாலும் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்த இடைவெளி கர்த்தருக்கு அல்ல, வீட்டுக்காரருக்கு. சத்தியநேசன் அதை நிரப்பவில்லை. ராஜையன் பெருமூச்சு விட்டுத் தொடர்ந்தார். "பொருளாசையாயிருந்தாலும்... மதுபானமாயிருந்தாலும்... அந்நிய ஸ்திரீயாயிருந்தாலும்..."

சத்தியநேசன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரே தங்கபாயும் ஒரு கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமென் சொல்லி, பால் விடாத கட்டன்காப்பி குடித்து முடித்ததும் ராஜையன் மேல்துண்டை உதறினார். "நான் சொல்லல்ல வாத்தியாரே, சட்டம் சொல்லுது. அடுத்த மாசமும் எழும்பிப் போனா கமிட்டி ஒம்ம பேர எடுத்துப்போடும். சபையில பேரு இல்லாதவனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில வேலை நிக்காது. மனசில என்னமாவது கெடந்தா இப்பமே பறஞ்சிரும்."

"ஒண்ணும் இல்ல அண்ணே."

"ஒண்ணும் இல்லாதவன் எதுக்குடே ஓடுதான்?"

நியாயமான கேள்வி. சத்தியநேசனும் அதைத்தான் இரண்டு மாதமாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கூடவே, ராஜையனின் மருமகன் வாத்தியார் பரீட்சை தேறிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறான் என்பதும் அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வந்தது. வந்தது, பிறகு போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்திருந்தார். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். "குதிரை மாதிரி இருக்கிறீர்," என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, "லீவுக்குச் சர்ட்டிபிகேட் வேணுமோ?" என்றார். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் டாக்டருக்குச் சந்தேகம் கூடியது. வாத்தியாருக்கும் கூடியது. இவ்வளவு சீக்கிரம் ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால், சொல்லக்கூடாத ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த ஊரில் உடம்புக்கு ஆஸ்பத்திரி, ஆத்துமாவுக்குக் கோயில். ஆஸ்பத்திரி கைவிட்டதால் அவர் தன் ஆத்துமாவைச் சோதனை போட ஆரம்பித்தார். பாவங்களை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வந்த அன்று அயல்வீட்டுப் பையன்களைப் பிடித்து வகுப்பில் உட்கார வைத்தது ஒன்று. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே அழுகல் என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு, தானே மலிவாக எடுத்தது இன்னொன்று. மைத்துனனின் மீசையைப் பற்றி நினைத்ததெல்லாம் பாவத்தில் சேருமா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும், வானத்திலிருந்து ஒரு தேவதூதனை அனுப்பிக் கழுத்தைப் பிடிக்கிற அளவுக்கு அதில் சரக்கு இல்லை. தன் பாவம் இவ்வளவு அற்பமாக இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட ஏற்பட்டது.

சனிக்கிழமை தங்கபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயில் பக்கம் நடப்பதைப் பார்த்தார். அந்தச் செருகலை அவர் அறிவார். மைத்துனி கல்யாணத்தில் சம்பந்தக்காரரோடு சண்டை போடப் போனபோது செருகியது அது. தூரம் விட்டுப் பின்தொடர்ந்தார். பூங்கனியின் முற்றத்துக்கு அவள் நுழைந்ததும், இவர் ஓலை வேலிக்கு இந்தப்பக்கம் ஒதுங்கினார்.

"ஏட்டி பூங்கனி, எனக்க வீட்டுக்காரரு ஒனக்க முத்தத்துக்கு எதுக்கு வாறாரு?"

பூங்கனி அடுப்பிலிருந்து நிமிர்கிற சத்தம் கேட்டது. "வாங்க வாத்தியாரம்மா. நானே கேக்கணும்ணு இருந்தேன். எதுக்கு வாறாரு?"

"எங்கிட்டயா கேக்க?"

"பின்ன யாருட்ட கேக்க? ஓணத்துக்கு முன்ன எனக்க வெடக்கோழி ஒண்ணக் காணல்ல. அடுத்தாப்பில பாத்தா வாத்தியாரு வேலியத் தாண்டி வந்து நிக்காரு. படிச்ச மனுஷன், என்னண்ணு கேக்க? பிலாமரத்தக் கெட்டிப்பிடிச்சிட்டு, கரையில போட்ட மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுதாரு. தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு, போற போக்கில எனக்க கோழிக்கூட்டப் பாத்தாரு. அண்ணைக்கே கூட்டுக்குப் பூட்டு வாங்கியாச்சு."

"கோழிக்கூட்ட மட்டுந்தான் பாத்தாரா?"

"பின்ன என்னயா பாத்தாரு? நல்லாருக்கு! மூஞ்சியில ஒரு துளி ரத்தம் இல்ல. எனக்க பயம் எனக்கு. மனுஷன் இஞ்ச விழுந்து செத்தா நாளைக்கி ஊரு எனக்க மேலதான பழி போடும்?"

சத்தியநேசன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அந்த வேலை அவருக்கு இப்போது நன்றாகப் பழகியிருந்தது.

வேலிக்கு மேலே தங்கபாயின் குரல் வந்தது. "வெளிய வாங்க. வேலிக்கு அடியில காலு தெரியுது."

இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. சொன்னார். தாழ்ப்பாள் சத்தம், உரல், குளிர்ந்த கை, இறங்கி வரும் கூரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே ஒரு பொய்யன் சொல்லுகிற கதை மாதிரி இருந்தது.

"கதவடச்சா மட்டுந்தானா?"

"முன்னால அப்பிடி. இப்பம் அடைக்கப்போறாவண்ணு நெனச்சாலே வருது. ஞாயிறு வருதேண்ணு சனிக்கிழமையே வருது."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"என்னண்ணு சொல்ல? டாக்டரு ஒண்ணுமில்லங்காரு. ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது சாவப்போறேண்ணு பொண்டாட்டிட்ட சொல்லுவானா?"

தங்கபாய் ஒரு கல்லைக் காலால் வாய்க்காலுக்குள் தள்ளினாள். "ஒரு பொம்பிளைண்ணா எனக்கு வெளங்கும். அவள நாலு வார்த்த நல்லாக் கேட்டுட்டு எங்க அப்பன் வீட்டுக்குப் போயிருவேன். இதுக்கு நான் யாரப் போயி ஏச?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததை உடனே கோபமாக மாற்றிக்கொண்டாள். "இவ்வளவு வெப்ராளத்த நெஞ்சில வச்சிட்டு வயித்து நோவாம், வயித்து நோவு!"

சற்றுத் தூரம் போனபின் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஒங்க அண்ணன் போன வயசு வந்தாச்சு, இல்லியா?"

சத்தியநேசன் நின்றுவிட்டார். அவருடைய அண்ணன், மதியச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மோர் கொண்டுவா என்று சொன்னவர், மோர் வருவதற்குள் போய்விட்டார். அந்த வயதைச் சத்தியநேசன் சித்திரையில் எட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடம்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை. இவள் எப்போது எண்ணினாள்?

"அதுனாலயாண்ணு தெரியாது," என்றார்.

"எனக்கும் தெரியாது. சும்மா கேட்டேன்."

அன்று முதல் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாத்தியார் நெல் போடுகிற அறைக்குள் போவார். தங்கபாய் வெளியிலிருந்து கதவைச் சாத்துவாள், தாழ் போடமாட்டாள். அரிசி களைந்து உலையில் போட்டுக்கொண்டே இடையிடையே குரல் கொடுப்பாள்.

"உயிரோட இருக்கியளா?"

"இருக்கேன்."

"அப்பம் இன்னும் செத்த நேரம் இரிங்க."

உள்ளே இருட்டில், நெல்லும் எலியும் மணக்க, அவர் சுவரில் சாய்ந்து தன் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அது வரும். உரல் இடிக்கும். ஓடலாம், கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. ஆனால் இந்த ஒரு மூச்சை விட்டுவிட்டு ஓடலாம் என்று நினைப்பார். அதை விட்டதும் இன்னொன்று. அப்படி ஒத்திப்போட்டுக்கொண்டே போனால் உரல்காரருக்கே கை சலித்துவிடும் என்று கண்டுபிடித்தார். நம்பிக்கை மட்டும் வரவில்லை. இன்று விட்டுவிட்டு நாளைக்கு மொத்தமாகப் பிடிக்கத் திட்டமோ என்று சந்தேகமாகவே இருந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு வந்தது. ஓரமாக, தலைவாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே போனார். ராஜையன் அவருக்கும் முன்கூட்டியே வந்திருந்தார்.

"வாத்தியாரு எதுக்குக் கடைசியில? முன்னால வாரும். ஒமக்குண்ணு எடம் போட்டு வச்சிருக்கேன்."

முதல் பெஞ்சு. நட்டநடு. இந்தப்பக்கம் ராஜையனின் மருமகன், அந்தப்பக்கம் ராஜையனின் தம்பி. இது பாசமா, முற்றுகையா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார். நடுவழிக்கு அப்பால் பெண்கள் பக்கத்தில் தங்கபாயின் தலை தெரிந்தது. அவள் தலைவாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையும் செருகியிருந்தது. அது அவருக்கு நல்லதாகப் படவில்லை.

போதகர் செருமினார். போக வேண்டியவர்கள் போனார்கள். தெற்கு. வடக்கு. தலைவாசல். தாழ்ப்பாள் விழுந்தது.

நெல் அறையில் படித்த பாடமெல்லாம் ஒரு நொடியில் பறந்தது. இது வேறு உரல், பெரிய உரல். முதுகுக்குப் பின்னால் ஒரு சபையே அவர் எப்போது எழுந்திருப்பார் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. அப்பத்தட்டு இரண்டு ஆள் தள்ளி வந்துவிட்டது. அவருடைய கைகள் பெஞ்சு விளிம்பைப் பிடித்தன, எழுந்திருக்கத்தான்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு முனகியது.

"வாத்தியாரம்மா, அடச்சாச்சு," என்ற ஜேசுதாஸின் குரல் பின்னால் கேட்டது.

"அடச்சதத்தான தொறக்க முடியும்? வழிய விட்டு மாறும்."

தாழ்ப்பாள் மேலே போனது. இரண்டு கதவுகளும் முழுசாகத் திறந்தன. நடுவழியில் வெயில் நீளமாக விழுந்தது. சபை மொத்தமும் திரும்பியது. சத்தியநேசனும் திரும்பிப் பார்த்தார். தங்கபாய் ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, மற்றதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. போதகர் வாயைத் திறந்தார், பிறகு என்ன சொல்வதென்று சட்டத்தில் இல்லாததால் மூடிக்கொண்டார்.

உரல் நிற்கவில்லை. நிற்கும் என்று அவர் எதிர்பார்த்தது உண்மை, ஆனால் நிற்கவில்லை. போகலாம், வழி இருக்கிறது. இந்த மூச்சை விட்டுவிட்டுப் போகலாம். விட்டார். தட்டு வந்தது, அப்பத்தை எடுத்தார். அது வாயில் உமியைப்போல ஒட்டிக்கொண்டது. இன்னொரு மூச்சு. பாத்திரம் வந்தது. நீட்டினவர் ராஜையன். வாத்தியாரின் கை நடுங்கியதில் ரசம் விளிம்பைத் தொட்டது. "சாய்க்காதடே," என்று பல்லுக்குள் சொல்லிவிட்டு, ராஜையன் பாத்திரத்தின் அடியைத் தன் கையால் தாங்கிக்கொண்டார். குடித்தார். கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான் சேதம்.

அப்பமும் ரசமும் பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் போயின. வாசலில் நின்றவளுக்குப் போகவில்லை.

"நீ எடுக்கல்லியே," என்றார் வழியில்.

"ரெண்டு கையும் ஒழிவில்லாம இருந்து," என்றாள் தங்கபாய்.

திங்கட்கிழமைக்குள் ஊர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. வாத்தியார் எடுத்துவிட்டார், சரி, வாத்தியாரம்மா ஏன் எடுக்கவில்லை? கோயில் கதவைத் திறந்துகொண்டு ஓடப்பார்த்தாளாமே? அப்படியானால் பாவம் இத்தனை நாளும் யாரிடம் இருந்திருக்கிறது? திங்கள்சந்தையில் காய்கறி வாங்கப்போனவளிடம் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. கூடை பாதி காலியாக வந்ததிலிருந்து அவராகக் கண்டுபிடித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராஜையன் ஜெபம் பண்ண வந்தார்.

"கர்த்தாவே, இந்த வீட்டின் ஸ்திரீயை நினைத்தருளும். அவள் உள்ளத்தில் மறைத்து வைத்திருக்கிறது எதுவாயிருந்தாலும்..." என்று சொல்லி, வாசற்படியில் நின்றபடியே கண்ணை மூடிக் காத்திருந்தார்.

தங்கபாய் தலையைக் குனிந்து நின்றாள். அவளுக்கு அந்த இடைவெளியில் சொல்ல ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லமாட்டாள் என்பதும் சத்தியநேசனுக்குத் தெரிந்தது.

"அண்ணே, கண்ணத் தொறயும்."

ஜெபத்தின் நடுவே அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ராஜையன் திறந்தார்.

"மறச்சது நான். எனக்கு ஒரு சூக்கேடு உண்டு. கதவடச்சா நெஞ்சு படபடண்ணு அடிச்சு, மூச்சு முட்டி, இப்பம் செத்துருவேண்ணு வரும். பாவத்துக்குப் பயந்து ஓடல்ல, பயத்துக்குப் பயந்து ஓடினேன். நான் ஓடாம இருக்கத்தான் அவ கதவப் பிடிச்சிட்டு நிண்ணா. பேர எடுக்கணும்ணா எனக்க பேர எடும். அவளுக்கு ஜெபம் வேண்டாம்."

ராஜையன் கண்ணைச் சுருக்கினார். "அப்பிடி ஒரு தீனம் உண்டா? பொண்டாட்டியக் காப்பாத்த கத எடுத்துக்கெட்டுதீரோ?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இவ்வளவையும் வெளியே சொன்ன அதிர்ச்சியிலேயே உரல் இடிக்கத் தொடங்கிவிட்டது. வாத்தியாரின் முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை முளைத்தது. வாய் திறந்து திறந்து மூடியது.

"ஐயோ! ஆளு போறாண்டே! தங்கபாய், தண்ணி! ஆஸ்பத்திரிக்கு ஆள் விடு! வாத்தியாரே, கர்த்தர நெனையும்!" ராஜையன் துண்டைக் கீழே போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். சொன்னது நிஜம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அளவுக்கு மேலேயே தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றாள் தங்கபாய் நிதானமாக. "இப்பம் போயிரும். நீங்க வாசல விட்டு இங்கோட்டு மாறி நில்லுங்க, காத்து வரட்டு."

ராஜையன் மாறி நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. "எனக்க நெஞ்சும் அடிக்குதுடே," என்றார். கண் பெரிதாகிவிட்டது.

சத்தியநேசன் தன் மூச்சுகளை ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் எதிரே ஒரு ஆள் இப்படி உட்கார்ந்திருக்கும்போது தன்னை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உள்ள இழுக்காதயும் அண்ணே. மெல்ல வெளிய விடும். அவ்வளவுதான். சாவு பொறவு பாத்துக்கிடலாம், இந்த மூச்ச விடும்."

ராஜையன் விட்டார். இன்னொன்றும் விட்டார். மூப்பரும் வாத்தியாரும் சுவரில் சாய்ந்து, இரண்டு துருத்திகள் மாதிரி, மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள். தங்கபாய் அடுக்களைக்குக் கட்டன்காப்பி போடப் போனாள். அவள் தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

காப்பி உள்ளே போனதும் ராஜையனுக்கு நிறம் திரும்பியது. "கமிட்டியில நான் பறஞ்சிடுதேன். அந்த வீட்டில ஒரு தப்பும் இல்லண்ணு சொல்லுதேன். பேரும் இருக்கும், வேலையும் இருக்கும். கதவயும் ஒண்ணு தொறந்து போடச் சொல்லுவோம்," என்றார். துண்டைத் தோளில் போட்டார். படி இறங்கினார். இறங்கினவர் திரும்பி வந்து, தங்கபாய்க்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"வாத்தியாரே, உள்ளதச் சொல்லணும். இது அடுத்த ஆளுக்கும் ஒட்டுமா?"

சத்தியநேசன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பதில் தெரியும், அதைச் சொல்ல மட்டும் அவர் அவசரப்படவில்லை.